எண்ணும்மை

ஹைம் பொட்டோக்கின் 'தி சோசன்' (1967) நாவலைப் படித்தவர்களிடம் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு விஷயம்தான் சொல்வார்கள். ஒன்று, தொடக்கத்தில் வரும் பேஸ்பால் ஆட்டம். 1944, புரூக்ளின். இரண்டு யூதப் பள்ளிகளின் பையன்கள் மதச்சண்டை மாதிரி ஆடுகிறார்கள். டேனி சாண்டர்ஸ் அடித்த பந்து ரூவன் மால்டரின் கண்ணில் படுகிறது. இன்னொன்று, மௌனம். டேனியின் அப்பா ரெப் சாண்டர்ஸ் ஒரு ஹசிடிக் குரு. தல்மூத் பாடம் நடத்தும்போது தவிர மகனோடு அவர் பேசுவதே இல்லை. வருடக்கணக்கில்.

இரண்டுமே நல்ல பகுதிகள்தான். ஆனால் இந்த நாவலை இரண்டாம் முறை வாசித்தபோது என்னை நிறுத்தியது வேறொரு பக்கம். கதை முக்கால்வாசி ஆன பிறகு வருவது. பேஸ்பால் இல்லை, அழுகை இல்லை. ஒரு மாணவன் கல்லூரி நூலகத்துக்குப் போய் அட்டவணைக் கார்டுகளில் ஒரு பெயரைத் தேடுகிறான். பெயர் இல்லை. அவ்வளவுதான் காட்சி. ஒரு கல்லூரியின் மொத்த வரலாறும் அந்த இல்லாத கார்டில் இருக்கிறது என்பது என் வாசிப்பு. அதைச் சொல்ல முதலில் கல்லூரியின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நாவலில் அதன் பெயர் ஹிர்ஷ் கல்லூரி. நிஜத்தில் அது நியூயார்க்கின் யெஷிவா கல்லூரி. பொட்டோக் அங்கேதான் ஆங்கில இலக்கியம் படித்து 1950இல் பட்டம் வாங்கினார். 'யெஷிவா' என்பது யூதர்களின் பாரம்பரியப் பாடசாலை. ஆண்கள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, தல்மூத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, உரக்கக் கத்தி விவாதித்துப் படிக்கும் இடம். அங்கே பட்டமும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. ரப்பி ஆகத் தகுதியானவன் என்று ஆசிரியர் கையெழுத்துப் போட்டுத் தந்தால் உண்டு. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் 'கல்லூரி' என்று எழுதுவதே அன்றைக்கு ஒரு விநோதம். இரண்டு பக்கத்தாரும் முகம் சுளித்தார்கள். பக்திமான்களுக்குக் கல்லூரி என்ற சொல் உறுத்தியது. நவீன யூதர்கள் சிலருக்கு யெஷிவா என்ற சொல் உறுத்தியது. நாமே போய் கெட்டோவுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வதா என்று கேட்டார்கள்.

ஆரம்பம் மிகச் சிறியது. 1886இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கிய ஏழை யூதர்கள் எட்ஸ் ஹைம் என்ற பாடசாலையைத் தொடங்கினார்கள். சின்னப் பையன்களுக்கானது. நாள் முழுக்க தல்மூத், மாலையில் கொஞ்ச நேரம் ஆங்கிலம். ஆங்கிலம் அங்கே படிப்பு அல்ல, பிழைப்புக்கான சலுகை. 1897இல் அதே பகுதியில் பெரிய பையன்களுக்கு இன்னொரு பாடசாலை வந்தது. கோவ்னோ நகரின் பெரிய ரப்பி ஐசக் எல்ஹனான் ஸ்பெக்டரின் பெயரில். அவர் முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார். லிதுவேனியாவை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து மன்ஹாட்டனில் வைத்துவிடலாம் என்று நிறுவியவர்கள் நினைத்தார்கள். மாணவர்கள் அப்படி நினைக்கவில்லை. 1908இல் வேலைநிறுத்தமே செய்தார்கள். கோரிக்கை என்ன தெரியுமா? எங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள், உலகப் பாடங்கள் சொல்லிக்கொடுங்கள், அமெரிக்காவில் ஒரு சபை முன்னால் நின்று பேசப் பழக்குங்கள். இங்கே பாடம் கேட்டுவிட்டு இரவில் சிட்டி காலேஜுக்கு ஓடிக்கொண்டிருந்த பையன்கள் அவர்கள். வகுப்பைப் புறக்கணித்து இன்னும் அதிக வகுப்பு கேட்ட மாணவர் போராட்டம் உலகத்தில் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை.

1915இல் இரண்டு பாடசாலைகளும் இணைந்தன. தலைமைக்கு வந்தவர் பெர்னார்ட் ரெவெல், வயது முப்பது. இவரைப் பற்றித் தனியாகவே ஒரு நாவல் எழுதலாம். லிதுவேனியாவில் சின்ன வயதிலேயே மேதை என்று பெயரெடுத்தவர். 1906இல் அமெரிக்கா வந்து, பிலடெல்பியாவின் டிராப்ஸி கல்லூரியில் முதல் முனைவர் பட்டத்தை வாங்கினார். ஆய்வுப் பொருள் கராயர்களின் சட்டங்கள். கராயர்கள் என்றால் தல்மூத்தையே ஏற்காத யூதப் பிரிவினர். அதாவது, தல்மூத் பாடசாலையின் தலைவர் தல்மூத்தை மறுத்தவர்களைப் பற்றி டாக்டர் பட்டம் வாங்கியவர்! மனைவியின் குடும்பத்துக்கு ஓக்லஹோமாவில் எண்ணெய்த் தொழில். தலைமைப் பொறுப்புக்கு வந்த சில ஆண்டுகளிலேயே அதைப் பார்த்துக்கொள்ள டல்சாவுக்குப் போய் இருந்துவிட்டும் வந்தார். தல்மூத்தும் தத்துவமும் பெட்ரோலியமும் ஒரே மண்டைக்குள். இந்த மனிதருக்குத்தான் 'இரண்டையும் ஒரே இடத்தில்' என்ற எண்ணம் ஒரு கல்விக் கொள்கையாகத் தோன்றியது. 1916இல் உயர்நிலைப்பள்ளி. 1928இல் கல்லூரி. அமெரிக்காவின் முதல் யூத இளங்கலைக் கல்லூரி அது.

அந்தக் காலத்தின் நெருக்கடியைச் சொல்லாமல் ஏன் கல்லூரி தேவைப்பட்டது என்பது புரியாது. 1922இல் ஹார்வர்டின் தலைவர் லாரன்ஸ் லோவல் யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். கொலம்பியா பல்கலைக்கழகம் அவ்வளவு சத்தம் போடவில்லை. விண்ணப்பப் படிவத்தை மாற்றியது, 'குணநலன்' பார்த்தது, சில ஆண்டுகளில் யூத மாணவர்களின் விகிதம் ஏறத்தாழ பாதியானது. இது வெளியிலிருந்து வந்த நெருக்கடி. இன்னொன்று உள்ளே இருந்தது. கோட்டாவைத் தாண்டி உள்ளே போய்விட்டாலும், பக்தியுள்ள பையனுக்குச் சனிக்கிழமை வகுப்பு, சனிக்கிழமை தேர்வு, உணவு என்று தினமும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. வேண்டாதவன் விருந்துக்குப் போவதைவிட வீட்டிலேயே சமைக்கலாம் என்பது ஒரு வாதம். ஆனால் ரெவெலின் கனவு அதைவிடப் பெரியது. இரண்டு கல்வியும் ஒரே ஆளுமைக்குள் இசைவாகக் கலந்து ஒரு புதிய யூதன் உருவாக வேண்டும் என்று அவர் நினைத்தார்.

இதற்காக 50 லட்சம் டாலர் திரட்ட இறங்கினார்கள். மன்ஹாட்டனின் வடகோடியில், வாஷிங்டன் ஹைட்ஸ் மேட்டில், ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில் இடம் வாங்கினார்கள். குவிமாடமும் கோபுரமுமாக, கீழைநாட்டு அரண்மனை ஒன்று வழிதவறி நியூயார்க்குக்கு வந்த மாதிரி ஒரு கட்டடம் எழும்பியது. சார்லஸ் மேயர்ஸ் என்ற கட்டடக் கலைஞரின் வேலை. படத்தைத் தேடிப் பாருங்கள், கொஞ்சம் சிரிப்பும் வரும், கொஞ்சம் மரியாதையும் வரும். அடுத்த ஆண்டே பங்குச்சந்தை விழுந்தது. வாக்குறுதி கொடுத்த பணக்காரர்கள் காணாமல் போனார்கள். ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. முதல் அணி 1932இல் பட்டம் வாங்கியது. ரெவெல் 1940இல் இறந்தார், அறுபதைக்கூட எட்டாமல்.

இதில் ஒரு தகவல் எனக்கு நாவலைவிடவும் நாவல்தனமாகத் தெரிகிறது. கொலம்பியாவும் அதே ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில்தான் இருக்கிறது, ஒரு எழுபது தெரு தெற்கே. உள்ளே வராதே என்று சொன்ன கல்லூரியும், அப்படியானால் நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று கட்டிய கல்லூரியும் ஒரே சாலையில். 'தி சோசன்' முடியும்போது டேனி மேற்படிப்புக்குப் போவது கொலம்பியாவுக்கு! ஆனால் பொட்டோக் தன் ஹிர்ஷ் கல்லூரியைப் புரூக்ளினுக்கு நகர்த்திவிட்டார். ஹசிடிக் பையன்களும் மற்ற பையன்களும் ஒரே வகுப்பில் மோதுவதற்கு அந்த இடமாற்றம் வசதி. ஆனால் அந்த நீளமான ஒற்றைச் சாலை நாவலிலிருந்து விழுந்துவிட்டது. கூடவே சம்பளம் வராத ஆசிரியர்களும், நன்கொடைக்கு அலையும் தலைவரும், மொத்தத்தில் பணம் என்ற விஷயமே விழுந்துவிட்டது. பொட்டோக்கின் உலகத்தில் கருத்துகளுக்குச் சண்டை உண்டு, வாடகைக்குச் சண்டை கிடையாது.

சரி, டைம்டேபிளுக்கு வருவோம்.

யெஷிவா கல்லூரியில் காலையிலிருந்து பிற்பகல் வரை தல்மூத். அதன் பிறகு மாலை வரை கல்லூரிப் பாடங்கள்: இலக்கியம், வேதியியல், உளவியல். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னாளில் கிடைத்த பெயர் 'தோரா உ-மத்தா'. 1940களில் பல்கலைக்கழக முத்திரையில் ஏறிய வாசகம். தோரா என்பது வேதக் கல்வி, மத்தா என்பது உலக அறிவு. நடுவில் இருக்கும் 'உ' தான் விஷயம். ஹீப்ருவில் அது ஒரே எழுத்து, இரண்டாவது சொல்லின் தலையில் ஒட்டிக்கொள்ளும். தமிழில் சொன்னால் 'தோராவும் அறிவும்'. பள்ளிக்கூட இலக்கணத்தில் இதற்கு எண்ணும்மை என்று பெயர். பொருள்களை எண்ணி அடுக்குவதற்கான உம். கபிலரும் பரணரும் என்றால் இரண்டு பேரும் ஒரே வரியில் இருக்கிறார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். அவர்கள் பேசிக்கொண்டார்களா, ஒருவர் சொன்னது இன்னொருவரை மாற்றியதா என்று அந்த உம் சொல்லாது.

ரெவெல் கனவு கண்டது கலப்பை. கல்லூரிக்குக் கிடைத்தது எண்ணும்மை. என் தொழில் பாஷையில் சொன்னால், ஒரே சர்வரில் ஓடும் இரண்டு சாஃப்ட்வேர். இரண்டுக்கும் நடுவே ஏபிஐ எழுதப்படவில்லை. தனித்தனியாக இரண்டும் அருமையாக ஓடும். ஒன்றின் தகவல் இன்னொன்றுக்குப் போக வேண்டிய நாளில்தான் தெரியும்.

அந்த நாளைத்தான் பொட்டோக் எழுதினார்.

ரூவன் இப்போது ஹிர்ஷ் கல்லூரி மாணவன். இஸ்ரேல் பிறக்கப்போகும் காலம். ரூவனின் அப்பா டேவிட் மால்டர் சியோனிசத்துக்கு ஆதரவாக மேடையேறியதால், டேனி அவனோடு பேசக் கூடாது என்று ரெப் சாண்டர்ஸ் தடை போட்டிருக்கிறார். ஒரே வகுப்பில் நண்பன் இருக்கிறான், பேச்சு இல்லை. அந்த வெறுமையில் ரூவன் தல்மூத்துக்குள் மூழ்குகிறான். ஒரு கடினமான பகுதி. பாரம்பரிய உரைகள் அதோடு மல்லுக்கட்டுகின்றன. ரூவன் அப்பாவிடம் கற்ற முறையில் யோசிக்கிறான். ஒருவேளை பாடமே பிழையாக இருந்தால்? கையெழுத்துப் பிரதி எடுத்தவன் எங்கோ தடுமாறியிருந்தால்? வேறொரு பாடத்தை வைத்துப் படித்தால் முடிச்சு தானாக அவிழ்கிறது.

நமக்குப் பாடபேதம் என்பது அடிக்குறிப்பில் படுத்திருக்கும் ஒரு சாதுவான சொல். பதிப்பாசிரியர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்வார்கள், நாம் தாண்டிப் போய்விடுவோம். ரூவன் படிக்கும் வகுப்பில் அது வெடிகுண்டு. ஏனென்றால் அங்கே உரைகாரர்கள் ஆயிரம் வருடமாக விளக்கிக்கொண்டிருப்பது இந்த வரிகளைத்தான். வரி பிழை என்றால் அதன் மேல் கட்டிய விளக்கங்களின் கதி என்ன? அந்த விளக்கங்களிலிருந்து வந்த சட்டங்களின் கதி? அந்தச் சட்டப்படி வாழ்ந்து செத்தவர்களின் கதி? ஒரு எழுத்தைத் திருத்துவது ஒரு கட்டடத்தின் அடிக்கல்லை அசைத்துப் பார்ப்பது.

ஆசிரியர் ராவ் கெர்ஷென்சன் கனிவானவர். ரூவனை அழைத்து அந்தப் பகுதியை விளக்கச் சொல்கிறார். ரூவன் அப்பாவின் முறையை மறைத்துக்கொள்கிறான். பாரம்பரிய உரைகளை மட்டும் வைத்து நாள்கணக்கில் விளக்குகிறான், பிரமாதமாக. ஆனால் முடிச்சு அவிழவில்லை. கடைசியில் ஆசிரியரே, எனக்கும் இது விளங்கவில்லை என்று ஒத்துக்கொள்கிறார். வகுப்பு கலைந்த பிறகு அவனைத் தனியாக நிறுத்தி, உன் அப்பா இதை எப்படி விளக்குவார் என்று கேட்கிறார். ரூவன் சொல்கிறான். அவர் கேட்டுக்கொள்கிறார். கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. என் வகுப்பில் மட்டும் இந்த முறையைப் பயன்படுத்தாதே என்கிறார்.

ரூவன் நூலகத்துக்குப் போகிறான். இவ்வளவு படித்த மனிதர் என்ன எழுதியிருக்கிறார் என்று கார்டுகளைப் புரட்டுகிறான். ஒன்றுமில்லை. தன் அப்பா ஏன் இந்தக் கல்லூரியில் பாடம் நடத்துவதில்லை என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிகிறது.

இந்தப் பக்கத்தில் வில்லன் கிடையாது. கெர்ஷென்சன் கோழை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அவருக்கு அந்த முறை தெரியும், அதன் பலமும் தெரியும். தெரியாதவர் உன் அப்பா எப்படி விளக்குவார் என்று கேட்கவே மாட்டார். அந்த வகுப்பறையில் தான் நிற்பதற்கான நிபந்தனை என்ன என்பதும் அவருக்குத் தெரியும். காலையில் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. அதே மாணவன் பிற்பகலில் தர்க்கவியல் படிப்பான். எந்தக் கேள்வியும் கேட்கலாம், கேட்காவிட்டால்தான் தவறு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவேளை வெறும் இடைவேளை அல்ல, எல்லைக்கோடு. அந்தக் கோட்டின் மேல் நின்றவர் ஒன்றும் எழுத முடியாமல் போனார். கார்டு இல்லாத அந்த அலமாரி, ரெப் சாண்டர்ஸின் மௌனத்தைவிட எனக்கு ஆழமான மௌனமாகப் படுகிறது. அது ஒரு அப்பாவின் பிடிவாதம். இது ஒரு நிறுவனம் தன் நல்ல மனிதர்களிடம் வாங்கும் விலை.

சிக்கல் என்னவென்றால், பொட்டோக் இதைக் கண்டுபிடித்துவிட்டு விலகிப் போய்விடுகிறார். அடுத்த அத்தியாயங்களில் நாவலின் எடை முழுக்க டேனி வீட்டு மௌனத்தின் மேல் ஏறுகிறது. இறுதியில் ரெப் சாண்டர்ஸ் வாய் திறந்து, மகனின் ஆன்மாவுக்கு வலி தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று விளக்குகிறார், எல்லோரும் அழுகிறார்கள், டேனி தாடியை மழித்துக்கொண்டு உளவியல் படிக்கப் போகலாம், ரூவன் ரப்பி ஆகலாம். இந்த முடிவை எனக்கு ஏற்க முடியவில்லை. ஒரு சிறுவனைப் பல வருடம் பேச்சில்லாமல் வளர்த்ததை ஒரு உருக்கமான உரை நியாயமாக்கிவிடுமா? நாவல் ஆக்கிவிடுகிறது. அதைவிட முக்கியமாக, அறிவுச் சிக்கலாக எழும்பிய ஒன்றைக் குடும்பச் சிக்கலாக மாற்றி, கட்டிப்பிடித்துத் தீர்த்துவிடுகிறது. டேனி கல்லூரிக்குள் நுழைந்தபோது உண்மையாகவே ஒரு மோதல் இருந்தது. ஃபிராய்டைப் படிப்பதற்காக ஜெர்மன் கற்ற பையனுக்கு இங்கே எலிகளை வைத்துச் சோதனை உளவியல் நடத்துகிறார்கள். அவன் நொந்துபோவது நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஃபிராய்ட் சொல்வது உண்மையென்றால் அப்பாவின் கடவுள் என்னவாகிறார் என்ற கேள்வி அவன் வாயிலிருந்து கடைசிவரை நேராக வருவதே இல்லை. கேட்கட்டும் என்று நானும் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தேன்.

பெண்கள் பற்றி ஒரு வரி சொல்லாமல் நகர முடியவில்லை. டேனிக்கு ஒரு தங்கை உண்டு. சின்னக் குழந்தையாக இருந்தபோதே அவளுக்கு மாப்பிள்ளை நிச்சயமாகிவிட்டது. நாவல் முழுக்க அவளுக்குப் பெயரே கிடையாது. நிஜக் கல்லூரியும் இதில் நாவலைவிட ரொம்ப முன்னால் இல்லை. பெண்களுக்கான ஸ்டெர்ன் கல்லூரி வந்தது 1954இல், ஆண்கள் கல்லூரிக்கு 26 ஆண்டுகள் கழித்து, வேறு வளாகத்தில். 'உம்' போட்டு எண்ணும்போது யார் எண்ணிக்கையில் வருகிறார்கள் என்பதும் ஒரு கேள்விதான்.

விட்ட இடத்தைப் பொட்டோக் இரண்டு ஆண்டுகளில் திரும்பப் பிடித்தார். 'தி பிராமிஸ்' (1969) நாவலாக 'தி சோசன்' அளவுக்கு ஓடவில்லை. வடிவத்திலும் கொஞ்சம் தளர்வுதான். ஆனால் கேள்வியில் இது நேர்மையானது. கெர்ஷென்சனின் இடத்தில் இப்போது ராவ் கல்மான். ஐரோப்பிய முகாம்களிலிருந்து தப்பி வந்தவர். அவருக்குப் பாடபேதம் வெறும் ஆய்வு முறையாகத் தெரியவில்லை. அவருடைய ஊர், அவருடைய மாணவர்கள் எல்லோரும் எந்த நூலுக்காக வாழ்ந்து செத்தார்களோ அதில் கை வைப்பதாகத் தெரிகிறது. டேவிட் மால்டரின் புத்தகத்தைப் பத்திரிகையில் தாக்குகிறார். அந்த மகன் இவரிடம்தான் ரப்பித் தேர்வு எழுத வேண்டும். இங்கே பொட்டோக் ஒரு முக்கியமான காரியம் செய்கிறார்: கல்மானை வெறுக்க நம்மை விடுவதில்லை. அவர் கத்தும்போது எரிச்சல் வருகிறது, கத்துவதன் காரணம் தெரியும்போது எரிச்சல் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறது. சாம்பலிலிருந்து எழுந்து வந்தவரிடம் போய் உங்கள் பிரதியில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஆனால் பிழை இருக்கிறதே!

தேர்வில் ரூவன் இந்த முறை மறைக்கவில்லை. அப்பாவின் முறையிலேயே பதில் சொல்கிறான். பட்டமும் கிடைக்கிறது. அதன் பிறகு நடப்பதைக் கவனிக்க வேண்டும். அவனுக்கு வேலை கொடுக்கிறார்கள், ஆனால் தல்மூத் பாடசாலையில் இல்லை, மேற்படிப்புத் துறையில். அங்கே அந்த முறையில் நடத்திக்கொள்ளலாம். அப்பாவோ வேறொரு குருகுலத்துக்கு, சம்பிரதாயத்தில் அவ்வளவு இறுக்கமில்லாத இடத்துக்குப் போய்விடுகிறார். மோதலைத் தீர்க்கவில்லை; அறை மாற்றினார்கள். 'தி சோசன்' கண்ணீரால் மறைத்ததை இந்த நாவல் நிர்வாக முடிவாகக் காட்டுகிறது, வறட்சியாக. அதனாலேயே எனக்கு இது அதிகம் பிடிக்கிறது.

பொட்டோக் சொந்த வாழ்க்கையிலும் அறை மாறியவர். யெஷிவா கல்லூரியில் பட்டம் வாங்கிய கையோடு, கன்சர்வேட்டிவ் பிரிவின் யூத இறையியல் கல்லூரிக்குப் போய் 1954இல் அங்கே ரப்பி ஆனார். இரண்டும் மன்ஹாட்டனில்தான். 1920களில் இரண்டையும் இணைத்துவிடலாமா என்று பேச்சுவார்த்தைகூட நடந்து முறிந்திருந்தது. பாடத்தைக் கேள்வி கேட்கும் அறை அங்கே திறந்திருந்தது.

அவருக்கு ஒரு வருடம் முன்னால், 1949இல், அதே யெஷிவா கல்லூரியில் வேதியியல் பட்டம் வாங்கியவர் நார்மன் லாம். இவர் அங்கேயே இருந்தார். 1976இல் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 1990இல் 'தோரா உமத்தா' என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதினார், அந்த 'உ'வுக்கு எத்தனை விதமாகப் பொருள் கொள்ளலாம் என்று. ஒரே கல்லூரி, அடுத்தடுத்த அணி. ஒருவர் உள்ளே இருந்து இணைப்புக்குத் தத்துவம் எழுதினார், இன்னொருவர் வெளியே போய் இணையாததைக் கதையாக எழுதினார். லாமின் புத்தகத்தில் பல மாதிரிகள் வரிசையாக வருகின்றன. ஒரு மாதிரி போதவில்லை என்பதால்தானே பல தேவைப்படுகின்றன என்று படிக்கும்போது தோன்றியது.

இருவருமே மாணவர்களாக இருந்த காலத்தில் அங்கே தல்மூத் நடத்திய பேராளுமை ஜோசஃப் சொலவெய்ச்சிக். பெர்லின் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர், லிதுவேனியத் தல்மூத் பரம்பரையின் வாரிசு. எண்ணும்மைக்கு மனித உருவம் கொடுத்தால் அவர்தான். 'தி சோசன்' வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன், 1965இல், 'தி லோன்லி மேன் ஆஃப் ஃபெய்த்' என்ற நீண்ட கட்டுரையை வெளியிட்டார். ஆதியாகமத்தில் மனிதன் இரண்டு முறை, இரண்டு விதமாகப் படைக்கப்படுகிறான். பிரதி ஆய்வாளர்கள் இதைப் பார்த்து இரண்டு மூலப் பிரதிகள் ஒட்டவைக்கப்பட்டிருக்கின்றன என்பார்கள். சொலவெய்ச்சிக் அந்தக் கேள்வி தன்னைத் தொந்தரவு செய்ததே இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லி ஒதுக்கிவிடுகிறார். இரண்டு ஆதாம்களும் மனிதனுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்கிறார். உலகை வென்று ஆள்பவன் ஒருவன், தனிமையில் கடவுளைத் தேடுபவன் இன்னொருவன். இருவரும் ஒருநாளும் சமாதானமாக மாட்டார்கள். எனக்குத் தெரிந்து நவீன மத எழுத்தில் இவ்வளவு துயரமான, இவ்வளவு அழகான கட்டுரை குறைவு. ஆனால் அது நிற்பது ஒரு சாத்திய கதவின் மேல் சாய்ந்துகொண்டு. கதவுக்கு அந்தப் பக்கம் டேவிட் மால்டர் நிற்கிறார்.

கதை அங்கே முடிந்திருந்தால் இது பழைய இலக்கியச் சர்ச்சையாக இருந்திருக்கும். கல்லூரி 1945இல் பல்கலைக்கழகமாகிவிட்டது. ஐன்ஸ்டைன் தன் பெயரைத் தர, 1955இல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. வளர வளர அரசுப் பணம் தேவைப்பட்டது. அரசுப் பணத்துக்கு மதச்சார்பில்லாத நிறுவனமாக இருக்க வேண்டும். 1967இல் சாசனம் திருத்தப்பட்டது: இது கல்வி நிறுவனம் என்று. ஆம், 'தி சோசன்' வெளிவந்த அதே ஆண்டு. 1970இல் ரப்பிப் பாடசாலை தனி அமைப்பாகப் பதிவானது. மாணவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். நிர்வாகம் இதெல்லாம் வெறும் காகிதத்தில்தான் என்ற தொனியில் சமாதானம் சொன்னது. அறைகள் அப்படியே, கட்டடம் அப்படியே, டைம்டேபிள் அப்படியே.

அரை நூற்றாண்டு கழித்து அந்தக் காகிதத்தை ஒரு நீதிபதி படித்தார். தன்பாலின ஈர்ப்புள்ள மாணவர்கள் தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டார்கள், பல்கலைக்கழகம் மறுத்தது, 2021இல் வழக்கு. நாங்கள் மத நிறுவனம், நகரத்தின் பாகுபாட்டுத் தடைச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்பது பல்கலைக்கழகத்தின் வாதம். 2022 ஜூனில் நியூயார்க் நீதிமன்றம் சாசனத்தை எடுத்துப் பார்த்து, நீங்கள்தான் கல்வி நிறுவனம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. செப்டம்பரில் 5-4 என்ற கணக்கில் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்து, முதலில் மாநில நீதிமன்றங்களிலேயே பாருங்கள் என்று அனுப்பினார்கள்.

இரு பக்கத்திலும் நின்றவர்கள் அந்தக் கல்லூரியின் பிள்ளைகள்தான். வழக்கு போட்ட மாணவர்கள் வெளியிலிருந்து வந்து சத்தம் போட்டவர்கள் இல்லை. அவர்களும் தல்மூத் படித்தவர்கள். பக்தியும் வேண்டும், தானும் வேண்டும் என்று கேட்டவர்கள். அவர்கள் நினைத்திருந்தால் ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில் எழுபது தெரு தள்ளிப் போயிருக்கலாம். டேனி போனான், பொட்டோக் வேறு திசையில் போனார். இவர்கள் போகவில்லை. 1908இல் வகுப்பைப் புறக்கணித்த பையன்களும் அப்படித்தான், வெளியேறாமல் உள்ளே நின்றுகொண்டு கேட்டார்கள்.

பொட்டோக் 2002இல் இறந்துவிட்டார். இந்த வழக்கை அவர் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பார் என்று சில நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். கண்ணீரும் சமாதானமுமாக முடித்திருப்பாரோ என்ற பயம் எனக்கு உண்டு. ஆனால் நடுவில் எங்காவது ஒரு கனிவான பேராசிரியர் வந்திருப்பார். வகுப்பு முடிந்ததும் அந்த மாணவனைத் தனியாக நிறுத்தி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருப்பார். முழுவதும் கேட்டுக்கொண்டு, என் வகுப்பில் மட்டும் இதைப் பேசாதே என்று சொல்லியிருப்பார்.